எஞ்சின் மாற்றிய ஜிப்சியில் பேட்டரி இரவோடு இரவாக இறங்குவது ஏன்?

கேள்வியின் சுருக்கம் இது. பழைய 970 சிசி மாருதி ஜிப்சி. அதன் கார்புரேட்டர் எஞ்சினை இறக்கிவிட்டு, மாருதி எஸ்டீம் காரிலிருந்து எடுத்த 1.3 லிட்டர் 16 வால்வு எம்பிஎஃப்ஐ எஞ்சினை (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) ஏற்றியிருக்கிறீர்கள். வண்டி நன்றாக ஓடுகிறது. இரவு நிறுத்திவிட்டுக் காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. தள்ளினால் கிளம்பிவிடுகிறது. அலுவலக வாசலில் எட்டு மணி நேரம் நின்றாலும் சோம்பலாகவாவது கிளம்புகிறது. 35 ஆம்பியர்-அவர் பேட்டரியை ஏற்கெனவே ஒருமுறை மாற்றியாகிவிட்டது. மெக்கானிக் பேட்டரியைக் குறை சொல்கிறார், எலெக்ட்ரிஷியன் டைனமோவைக் குறை சொல்கிறார்.

மூன்றாவது பேட்டரி வாங்காதீர்கள். முதலில் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். இந்த வேலையில் மீட்டரைவிட அதுதான் முக்கியம் என்பது என் கருத்து.

முழுதாக ஏறிய 35 ஆம்பியர்-அவர் பேட்டரி, செல்ஃப் மோட்டாரைச் சுற்ற முடியாத நிலைக்கு வர வேண்டுமென்றால் சுமார் 20 ஆம்பியர்-அவராவது வெளியே போயிருக்க வேண்டும். நீங்கள் நிறுத்தி வைப்பது பத்து மணி நேரம். 20-ஐப் பத்தால் வகுத்தால் 2 ஆம்பியர். எட்டு மணி நேரத்தில் சோம்பல், பத்து பன்னிரண்டு மணி நேரத்தில் மரணம் என்று நீங்கள் சொல்வதும் இதற்குப் பொருந்துகிறது. அதாவது, உங்கள் வண்டியில் நடப்பது சொட்டுச் சொட்டான கசிவு இல்லை. ஏதோ ஒன்று இரவு முழுக்க வேலை செய்துகொண்டிருக்கிறது.

இது தெரிந்துவிட்டால் பாதிச் சந்தேகங்கள் அப்போதே விலகிவிடும். ஸ்டீரியோவின் நினைவுக்குப் போகும் மின்சாரம் 10, 20 மில்லி ஆம்பியர். அது உங்கள் பேட்டரியை இறக்க மாதக் கணக்கில் ஆகும். பேட்டரியின் மேல்மூடியில் படிந்த அழுக்கும் அமிலமும் கசியவிடுவது இன்னும் குறைவு. துடைத்துவிடுங்கள், ஆனால் அதில் குற்றவாளியைத் தேடாதீர்கள். ரிலே என்பது சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்; அதன் காயில் மட்டும் விழித்திருந்தால் 0.15 ஆம்பியர் அளவில் இழுக்கும். 5 வாட் பல்பு 0.4 ஆம்பியர், உள்கூரையின் 10 வாட் பல்பு 0.8, 21 வாட் பிரேக் பல்பு ஒன்று 1.75. நிற்கும் டைனமோவின் ஃபீல்டு காயிலுக்கு (உள்ளே காந்தத்தை உண்டாக்கும் கம்பிச் சுருள்) மின்சாரம் போய்க்கொண்டிருந்தால், பழைய வகை ரெகுலேட்டரில் 2 முதல் 4 ஆம்பியர். பெட்ரோல் பம்ப் 4 ஆம்பியருக்கு மேல், ஆனால் அது ஓடினால் காதில் கேட்கும். டீசல் எஞ்சினாக இருந்து ஹீட்டர் பிளக் ரிலே ஒட்டிக்கொண்டால் 40 ஆம்பியரைத் தொடும். அப்படியானால் பேட்டரி காலை வரை தாங்காது, நீங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் போய்விடும். ஆக, உங்கள் வண்டியில் 2 ஆம்பியர் இழுக்கக்கூடியவை நான்கைந்துதான்.

ஆனால் இந்தக் கணக்கு ஒன்றை நம்பி நிற்கிறது: மாலையில் நீங்கள் வண்டியை நிறுத்தியபோது பேட்டரி நிறைந்திருந்தது என்பதை. அது உண்மையா என்று முதலில் பார்த்துவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஹெட்லைட் போட்டாலும் 13.5-க்குக் கீழே போகக் கூடாது. பிறகு பேட்டரியை வெளியே சார்ஜ் செய்து, இரண்டு மூன்று மணி நேரம் ஓய்வில் விட்டு அளந்தால் 12.6 வோல்ட் வர வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது என்று பொருள். அன்று இரவு மைனஸ் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் மாட்டியதும் வண்டி சட்டென்று கிளம்பினால் பேட்டரி குற்றமற்றது. மெக்கானிக்கிடம் இதைச் சொல்லிவிடலாம். கழற்றி வைத்தும் கிளம்பவில்லை என்றால் நான் கீழே சொல்லப்போவது எதுவும் உங்களுக்குத் தேவையில்லை, பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு போலியும் உண்டு. எஞ்சின் மாற்றும்போது எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே இருக்கும் எர்த் பட்டையைத் திரும்ப மாட்ட மறந்துவிடுவார்கள், அல்லது பெயிண்ட் மேலேயே முடுக்கிவிடுவார்கள். செல்ஃப் அடிக்கும்போது எர்த்துக்கு வழியில்லாமல் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். அந்தக் கேபிள்கள் சூடாகும், செல்ஃப் சோம்பும், பேட்டரி போய்விட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. உங்கள் வண்டி மாலையில் சோம்பலாகவாவது கிளம்பிவிடுவதால் இது உங்கள் நோய் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் எஞ்சின் மாற்றிய எந்த வண்டி வந்தாலும் நான் முதலில் கை வைக்கும் இடம் இதுதான்.

இனி அளப்போம். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, மைனஸ் கேபிளுக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் நடுவில் தொடராக வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்று உண்டு. கேபிளைக் கழற்றிய நொடியில் எல்லா ரிலேகளும் விழுந்துவிடும். விழித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று, மீட்டரை வைக்கும்போது திரும்ப விழிக்காமலே போகலாம். மீட்டர் 0.02 என்று காட்டும், நீங்களும் வண்டி நலம் என்று முடிவு செய்வீர்கள், மறுநாள் காலை மறுபடியும் தள்ளுவீர்கள். அதனால் கேபிளைக் கழற்றுவதற்கு முன்பே மைனஸ் முனைக்கும் கேபிளுக்கும் நடுவே இருபுறமும் கிளிப் உள்ள தடித்த கம்பி ஒன்றை இணைப்பாகப் போட்டுவிடுங்கள். பிறகு கேபிளைக் கழற்றி, மீட்டரை மாட்டி, கடைசியில் அந்த இணைப்புக் கம்பியை எடுங்கள். மின்சாரம் ஒரு கணமும் அறுபடாது. அளந்து முடிந்ததும் இதையே தலைகீழாகச் செய்யுங்கள்.

மீட்டர் தொடரில் இருக்கும்போது சாவியைத் தொடக் கூடாது. செல்ஃப் 100 ஆம்பியருக்கு மேல் கேட்கும், மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். கதவையும் திறக்காதீர்கள், விளக்கு எரிந்து கணக்கைக் கெடுக்கும். கதவைத் திறந்தே வைக்க வேண்டுமென்றால் அதன் பொத்தானை அழுத்தி டேப் ஒட்டிவிடுங்கள். ஒருமுறை 1.7 ஆம்பியர் எங்கே போகிறது என்று ஒரு ஜீப்பில் நான் ஒரு மணி நேரம் தேடினேன். கடைசியில் பார்த்தால், பேனெட்டுக்குள் வெளிச்சத்துக்காக நானே தொங்கவிட்டிருந்த 21 வாட் விளக்கு. அதன் சிவப்புக் கிளிப் பேட்டரி பிளஸில், கறுப்புக் கிளிப் பாடியில். ஜீப்பின் சொந்தக்காரர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். பெருந்தன்மையாக எதுவும் சொல்லவில்லை.

கிளாம்ப் மீட்டர் இருந்தால் எதையும் கழற்ற வேண்டியதில்லை, மைனஸ் கேபிளைச் சுற்றிக் கவ்வினால் போதும். ஆனால் மின்சாதனக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஏசி மின்னோட்டத்தை மட்டுமே கவ்வி அளக்கும். டிசி அளக்கும் என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். மீட்டரே இல்லையென்றால், 21 வாட் பல்பு ஒன்றைத் தொடராக வைத்துப் பாருங்கள். எரியவே இல்லையென்றால் கசிவு சிறியது, தெளிவாக எரிந்தால் ஆம்பியர் கணக்கில் போகிறது. துல்லியம் கிடையாது, ஆனால் பொய் சொல்லாது.

உங்கள் வண்டியில் மீட்டர் 2 ஆம்பியரை ஒட்டிக் காட்டும் என்று எதிர்பார்க்கிறேன். வழக்கமாக அடுத்துச் சொல்லப்படும் வேலை, டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எதைப் பிடுங்கினால் மீட்டர் இறங்குகிறது என்று பார்ப்பது. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிக்கு அது சரி. உங்கள் வண்டியில் எல்லா ஃபியூஸையும் பிடுங்கிப் போட்டாலும் மீட்டர் அசையாமல் இருக்கலாம். காரணம், புதிய எஞ்சினுக்கான கம்பிகளைக் கொடுத்தவர் அவற்றைப் பழைய ஃபியூஸ் பெட்டி வழியாகக் கொடுத்திருக்க வாய்ப்பில்லை. பேட்டரி பிளஸ் முனையிலிருந்தோ செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டிலிருந்தோ நேரடியாக எடுத்திருப்பார். எனவே அங்கிருந்து தொடங்குங்கள். பிளஸ் முனையில் எத்தனை கம்பிகள் முடுக்கப்பட்டிருக்கின்றன என்று எண்ணுங்கள். செல்ஃபுக்குப் போகும் தடித்த கேபிள், பழைய ஒயரிங்குக்குப் போகும் ஒன்று. இவற்றுக்கு மேல் இருக்கும் ஒவ்வொன்றும் எஞ்சின் மாற்றியபோது வந்த விருந்தாளி. அவற்றைத்தான் ஒவ்வொன்றாகக் கழற்றி மீட்டரைப் பார்க்க வேண்டும். அப்படிக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிளஸ் பக்கம் உயிரோடு இருக்கிறது.

பழைய ஃபியூஸ் பெட்டியையும் பார்த்துவிட வேண்டும் என்றால், பிடுங்காமலே பார்க்கலாம். மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து, பிளேடு ஃபியூஸின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளைத் தொடுங்கள். மின்சாரம் போகாத ஃபியூஸில் பூஜ்யம். 10 ஆம்பியர் ஃபியூஸில் 1 மில்லி வோல்ட் தெரிந்தால் சுமார் 130 மில்லி ஆம்பியர் போகிறது என்று கொள்ளலாம்.

எனக்கு இரண்டு இடங்களில் சந்தேகம்.

முதலாவது டைனமோ. டைனமோ என்று நாம் சொன்னாலும் அது ஆல்டர்னேட்டர்தான். எஸ்டீம் எஞ்சினோடு அதன் ஆல்டர்னேட்டரும் வந்திருக்கும், அதன் பிளக் உங்கள் பழைய ஜிப்சியின் பிளக்கோடு பொருந்தியிருக்காது. வெட்டித்தான் இணைத்திருப்பார்கள். தடித்த 'பி' முனை எப்போதும் பேட்டரியோடு இருக்க வேண்டியது. சின்ன பிளக்கில் 'ஐஜி' என்று குறித்த கம்பிக்குச் சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வர வேண்டும். 'எல்' சார்ஜ் விளக்குக்குப் போவது. சில ஆல்டர்னேட்டர்களில் 'எஸ்' என்று மூன்றாவது ஒன்று உண்டு, பேட்டரி வோல்ட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டியது அதன் வேலை, அதற்கு எப்போதும் 12 வோல்ட் இருக்கலாம். எஸ்ஸையும் ஐஜியையும் மாற்றிக் கொடுத்துவிட்டாலோ, 'எதற்கு வம்பு' என்று எல்லாவற்றையும் பேட்டரியிலேயே சேர்த்துவிட்டாலோ வண்டி அழகாக சார்ஜ் ஆகும். யாருக்கும் குறை தெரியாது. ஆனால் சாவியை எடுத்த பிறகும் ரெகுலேட்டர் விழித்திருக்கும், ஃபீல்டு காயில் இரவெல்லாம் காந்தமாகவே இருக்கும்.

இதைப் பிடிக்க மீட்டர்கூட வேண்டாம். காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன், ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் பேரிங் இருக்கும் இடத்தருகே ஒரு இரும்பு ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுபோங்கள். சட்டென்று இழுத்து ஒட்டிக்கொண்டால் ஃபீல்டுக்கு மின்சாரம் போகிறது. அணைத்த நிலையில் கொஞ்சம் மீதிக் காந்தம் இருப்பது இயல்பு, அது லேசாகத்தான் இழுக்கும். கையையும் வைத்துப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற எஞ்சின் சில்லென்று இருக்கும்போது ஆல்டர்னேட்டர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் விஷயம் அங்கேதான். ஒட்டவில்லை, ஆனால் சூடாக இருக்கிறது என்றால் உள்ளே டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) ஒழுகுகிறது. அதை உறுதி செய்ய, எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஏசி வோல்ட் அளந்து பாருங்கள், 0.5-க்கு மேல் காட்டினால் டயோடு போயிருக்கிறது. டயோடு ஒழுகினால் ஆல்டர்னேட்டரைக் கழற்றிக் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். ஐஜி கம்பி தவறு என்றால் ஆல்டர்னேட்டரை எத்தனை தடவை மாற்றினாலும் புதியதும் இரவில் சூடாகத்தான் இருக்கும். உங்கள் எலெக்ட்ரிஷியன் டைனமோவை மாற்றச் சொல்வதற்கு முன் அந்தக் கம்பியில் சாவி அணைந்த நிலையில் டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

இரண்டாவது இடம் எஞ்சின் கம்ப்யூட்டர், அதாவது இசிஎம். என் பந்தயம் இதன் மேல்தான். கார்புரேட்டர் ஜிப்சியில் கம்ப்யூட்டரே கிடையாது, ஆகவே அதற்கான கம்பிகளும் கிடையாது. எல்லாம் புதிதாகக் கொடுத்தது. இசிஎம்முக்கு இரண்டு வழியாக மின்சாரம் வேண்டும். ஒன்று நினைவுக்காக எப்போதும் இருக்க வேண்டியது, சில மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். இன்னொன்று சாவி போட்டதும் மெயின் ரிலே வழியாக வருவது, வேலைக்கான மின்சாரம் முழுக்க அதில்தான். 'இரண்டும் 12 வோல்ட்தானே' என்று இரண்டையும் ஒரே கம்பியில் முறுக்கி பேட்டரியில் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? எஞ்சின் குறையில்லாமல் ஓடும். சாவியை அணைத்தால் பற்றவைப்புக்கான கம்பி அறுபட்டு எஞ்சின் நிற்கும். இசிஎம் மட்டும் நிற்காது. ஐடில் வால்வு, மெயின் ரிலே, ஆக்சிஜன் சென்சாரில் ஹீட்டர் இருந்தால் அது, எல்லாம் இரவுக் காவலுக்கு நிற்கும். கூட்டிப் பார்த்தால் ஒன்றரை இரண்டு ஆம்பியர் தாராளமாக வரும்.

இது ஏன் கண்ணில் படுவதில்லை என்றால், சத்தமே வராது. எஞ்சின் சுற்றவில்லை என்று இசிஎம்முக்குத் தெரிந்தால் இரண்டு மூன்று நொடியில் பெட்ரோல் பம்பை அணைத்துவிடும். மீட்டர் பலகையில் உள்ள எஞ்சின் விளக்கும் எரியாது, ஏனென்றால் அந்த விளக்குக்கு மின்சாரம் சாவி வழியாக வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் வண்டி நன்றாகத் தூங்குகிறது.

கண்டுபிடிப்பது சுலபம். மீட்டர் தொடரில் இருக்கும்போதே மெயின் ரிலேயைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். பிடுங்குங்கள். 2.1 என்று இருந்தது 0.03-க்கு இறங்கினால் தேடல் முடிந்தது. ரிலேயே போடாமல் நேரடியாகக் கொடுத்திருந்தால், இசிஎம்முக்குப் போகும் அந்தக் கம்பியைக் கழற்றிப் பாருங்கள்.

சரிசெய்ய சாதாரண நான்கு முனை ரிலே போதும். 30-ஆம் முனைக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக, 87-லிருந்து இசிஎம்முக்கு, 85 எர்த்துக்கு, 86-க்கு இக்னிஷன் சுவிட்சிலிருந்து. அந்தக் கடைசிக் கம்பியில்தான் பலர் தவறுவார்கள். ஸ்டீரியோவுக்குப் போகும் கம்பி செல்ஃப் அடிக்கும் நேரத்தில் செத்துவிடும், அதிலிருந்து எடுத்தால் செல்ஃப் சுற்றும்போது இசிஎம் அணைந்து எஞ்சின் பிடிக்காது. சாவி 'ஆன்' நிலையிலும் 'ஸ்டார்ட்' நிலையிலும் 12 வோல்ட் இருக்கும் கம்பியைத் தேடி எடுங்கள். நினைவுக்கான கம்பியைத் தனியாக, தனி ஃபியூஸோடு விட்டுவிடுங்கள். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், இசிஎம் பக்கத்தில் வைப்பதால் நடுவில் உரசும் கம்பிக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் எஞ்சின் சூட்டில் பசை உருகி அவிழ்ந்துவிடும், கிரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். பழைய கார்புரேட்டருக்கும் பழைய காயிலுக்கும் போன கம்பிகள் வெட்டிய முனையோடு எங்காவது தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றையும் தேடி மூடிவிடுங்கள்.

ஜிப்சியிலேயே இந்த 16 வால்வு எம்பிஎஃப்ஐ எஞ்சினை மாருதி 2000-ஆம் ஆண்டில் போட ஆரம்பித்தது. எனவே எஸ்டீமின் ஒயரிங் படத்தை வைத்துத் திண்டாடுவதைவிட, எம்பிஎஃப்ஐ ஜிப்சி கிங்கின் ஒயரிங் படத்தைத் தேடி வாங்கி எலெக்ட்ரிஷியன் கையில் கொடுங்கள். உங்கள் வண்டியின் மற்ற கம்பிகளுக்கு அதுதான் நெருக்கமானது. இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன்: எஞ்சின் மாற்றத்தை ஆர்சி புத்தகத்தில் ஏற்றியாகிவிட்டதா? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 அதைக் கேட்கிறது. காப்பீட்டுக் கோரிக்கை என்று ஒருநாள் வந்தால் எஞ்சின் எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுவிட்டால் போதுமே என்று யாராவது சொல்வார்கள், சொல்லியும் இருப்பார்கள். தினமும் இரவு திருகி அணைத்தால் காலையில் வண்டி கிளம்பும், உண்மைதான். ஆனால் ஃபியூஸ் இல்லாமல் போட்ட கம்பி பகலில் அப்படியேதான் இருக்கும், தினமும் இசிஎம் தன் ஐடில் கற்றலை மறந்து ஒவ்வொரு காலையும் எஞ்சின் தடுமாறும். மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் வண்டிக்கு அந்த சுவிட்ச் நல்லது. உங்களுக்கு அது நோயை மூடி மறைப்பது மட்டுமே.

மீட்டர் 2 ஆம்பியருக்குப் பதில் 0.2, 0.3 என்று காட்டினால் என் ஊகம் தவறு. அந்த அளவில் பேட்டரி இறங்க மூன்று நாளாவது ஆகும், ஒரே இரவில் இறங்குகிறது என்றால் பேட்டரி நிறையவே இல்லை என்று பொருள். அப்போது சார்ஜ் பக்கம் திரும்புங்கள், ஆல்டர்னேட்டரின் எல் கம்பியையும் பாருங்கள். சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் ஓரிரு நொடி இழுத்துக்கொண்டு ஓடுகிறதா என்று கவனியுங்கள். ஓடினால், எல் கம்பி வழியாக மின்சாரம் பின்வாங்கி இக்னிஷனுக்குப் போகிறது, அந்தக் கம்பியில் ஒரு டயோடு போட வேண்டும்.

எல்லாம் சரியான பிறகு மறுபடியும் அதே முறையில் அளந்து பாருங்கள். உங்கள் வண்டியில் 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே வர வேண்டும், 30-க்குள் வந்தால் எனக்குத் திருப்தி. இரண்டு இரவுகள் எடுக்காமல் விட்டு வோல்ட் பாருங்கள், 12.6 இருந்தது 12.5-க்குக் கீழே போகக் கூடாது. இப்போது வண்டியில் இருக்கும் பேட்டரி பலமுறை அடிவரை இறங்கியிருக்கிறது, ஓட்டியே ஏற்றிவிடலாம் என்று விடாதீர்கள். வெளியே எடுத்து 3.5 ஆம்பியரில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மெதுவாக ஏற்றுங்கள். முதல் பேட்டரியைப் பழைய இரும்புக்குப் போடாமல் வீட்டில் வைத்திருந்தால் அதையும் அப்படியே ஏற்றிப் பாருங்கள். நீண்ட நாள் வெறுமையாகக் கிடந்திருக்காவிட்டால் அது பிழைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது.